தங்கம் தேடிய தேவாலாவும் தேயிலை நட்ட நம்மவர்களும்



தங்கத்தைப் பற்றிப் பேசாத வீடு நம்மிடையே இல்லை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்தில் ஒரு வீட்டில் குமர் காரியம் என்று பேச்செடுத்தால், அடுத்த பேச்சு பவுண் கணக்காகத்தான் இருக்கும். தோட்டத்து லயங்களிலும் அப்படித்தான். பெண்பிள்ளைக்குக் காதில் ஒரு சோடித் தோடாவது போட்டுவிட வேண்டும் என்று தாய்மார் சீட்டுப் போட்டுச் சேர்ப்பார்கள். பள்ளிக்கூடச் செலவோ வைத்தியச் செலவோ வந்துவிட்டால், அதே தோடு அடகுக் கடைக்குப் போகும்.

இந்தத் தங்கம் மண்ணிலிருந்து எப்படி வருகிறது? அதை எடுக்கப் போன ஊர்களும் மனிதர்களும் என்ன ஆனார்கள்? இதை விளங்கிக்கொள்ள வெகுதூரம் போகத் தேவையில்லை. தமிழ்நாட்டில், நீலகிரி மாவட்டத்தில், தேவாலா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் இலண்டன் பணக்காரர்கள் எல்லாம் வாய் பிளந்து பார்த்த தங்க ஊர் அது. இன்றைக்கு அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலைதான். அந்தத் தேயிலையில் ஒரு பெரும் பகுதியை நட்டு வளர்த்தவர்கள் நம் மலையகத்திலிருந்து போன நம் சொந்தங்கள்.

இப்போது சொந்தம் பார்க்க இந்தியா போய் வருகிறவர்கள் உண்டு. போகிறவர்கள் வெறுமனே விருந்துண்டு திரும்பாமல், அந்த ஊரின் கதையையும் தெரிந்துகொண்டு பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஊர் எங்கே இருக்கிறது?

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு ஏற வேண்டும். ஊட்டியிலிருந்து மறுபக்கம் இறங்கினால் ஏறக்குறைய 50 கிலோமீற்றரில் கூடலூர். கூடலூருக்கு அப்பால் நாடுகாணி என்ற சந்தி வரும். அங்கிருந்து ஒரு பாதை கேரளத்து நிலம்பூருக்கு இறங்குகிறது. மற்றப் பாதை தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று தேயிலை மலைகளுக்கு நடுவே போகிறது. பழைய காலத்தில் இந்தப் பகுதியைத் தென்கிழக்கு வயநாடு என்று சொன்னார்கள்.

அட்டனையும் மஸ்கெலியாவையும் பார்த்த கண்ணுக்கு இந்த ஊர் புதிதாகத் தெரியாது. அதே மலைச் சரிவு, அதே பனி, அதே லயம், அதே கொழுந்துக் கூடை. மழை மட்டும் கொஞ்சம் கூட. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற ஊர்களில் தேவாலாவும் ஒன்று. யூன் தொடங்கிச் செப்டெம்பர் வரை விடாமல் கொட்டும். அந்த மாதங்களில் போவதைத் தவிர்ப்பது நல்லது. யானை நடமாட்டமும் அதிகம். அந்தி சாய்ந்த பிறகு தனியாக நடக்கக் கூடாது என்று அங்குள்ளவர்களே சொல்வார்கள். அதைக் கேட்டு நடங்கள்.

மண்ணில் தங்கம் எப்படி இருக்கிறது?

தங்கம் சுரங்கத்துக்குள் கட்டிகட்டியாகக் கிடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வெள்ளை நிறமான பளிங்குக் கல், பாறை இடுக்குகளில் நரம்பு மாதிரி ஓடும். அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகத்தான் தங்கம் பெரும்பாலும் இருக்கும். மழையும் வெயிலும் அந்தக் கல்லை உடைக்க, பொடி ஆற்று மணலோடு கலந்து வரும்.

ஆற்று மணலில் இருந்து அதை எப்படிப் பிரிப்பது? எங்கள் கரையில் இருப்பவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். திருக்கோவில் பக்கத்துக் கடற்கரையில் கறுப்பு மணல் படிந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அது கனமான மணல். அலை இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போக, கனமானது பின்தங்கிப் படிந்துவிடுகிறது. தங்கமும் அப்படித்தான். சாதாரண மணல் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கனம். தங்கமோ 19 மடங்கு கனம். மரத்தட்டில் மணலை அள்ளி, தண்ணீர் விட்டுச் சுற்றிச் சுற்றி அலசினால் மணல் போய்விடும், தங்கப் பொடி அடியில் தங்கிவிடும். நகை செய்யும் பட்டறையில் கூட்டி அள்ளின தூசியை வீசாமல் அலசி எடுப்பதும் இதே முறைதான்.

தேவாலாப் பகுதியில் இந்த வேலையை முதலில் செய்தவர்கள் பணியர், குறும்பர் போன்ற ஆதிவாசி மக்கள். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அவர்கள் ஆற்று மணலை அலசினார்கள், மலைச் சரிவுகளில் குழிகளும் தோண்டினார்கள். பணியர்கள் நிலக்காரர்களுக்கு அடிமைப்பட்டிருந்த மக்கள். ஆகவே அவர்கள் அலசி எடுத்த தங்கம் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. இந்த ஊரின் தங்கக் கதை தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். எடுத்தவர் ஒருவர், அனுபவித்தவர் வேறொருவர்.

கோப்பி நோயும் தங்க ஆசையும்

1869ஆம் ஆண்டு இலங்கையில் கோப்பிச் செடிகளில் ஒரு இலை நோய் கண்டது. இலையின் அடியில் மஞ்சள் துரு மாதிரிப் படிந்து, இலை உதிர்ந்து, செடி காய்ப்பதை நிறுத்திவிடும். சில ஆண்டுகளில் இலங்கைக் கோப்பித் தோட்டங்கள் நாசமாகின. நம் முன்னோர் கங்காணிமாரின் கீழ் காடு வெட்டி உண்டாக்கிய தோட்டங்கள் அவை. அதே நோய் வயநாட்டுக் கோப்பியையும் பிடித்தது.

இலங்கைத் துரைமார் தேயிலையின் பக்கம் திரும்பினார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்டுக் காட்டியிருந்தார். அந்த வழி அவர்களுக்குக் கைகொடுத்தது. வயநாட்டுத் துரைமாருக்கோ வேறொரு ஆசை பிறந்தது. கோப்பி போனால் போகட்டும், காலடியில் தங்கம் இருக்கிறதே என்று நினைத்தார்கள்.

1874ஆம் ஆண்டு தேவாலாவுக்கு அருகே அல்பா என்ற பெயரில் ஒரு கம்பனி தொடங்கப்பட்டது. அது பெரிதாக எதையும் எடுக்கவில்லை. பிறகு 1879இல் இந்திய அரசாங்கம் புறோ ஸ்மித் என்ற நிபுணரை அவுஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்தது. 1880இல் வந்த அவருடைய அறிக்கை நல்ல நம்பிக்கையோடு எழுதப்பட்டிருந்தது. அது போதாதா? இலண்டனில் பங்குச் சந்தை சூடாகியது. 1879 கடைசியிலிருந்து இரண்டே ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நாற்பது கம்பனிகள் முளைத்தன. அவை அறிவித்த மூலதனம் மொத்தம் நாற்பது இலட்சம் ஸ்டேர்லிங் பவுணுக்கு மேல். அந்தக் காலத்துப் பவுண் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தேவாலாவும் பந்தலூரும் திடீர்ப் பட்டணங்களாகின. மலைப் பாதையில் மாட்டு வண்டிகளில் பெரிய பெரிய இரும்பு இயந்திரங்கள் ஏறி வந்தன. கல்லை உலக்கை போல இடித்துப் பொடியாக்கும் இயந்திரங்கள் அவை. இடித்த பொடியைப் பாதரசத்தோடு கலப்பார்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய், தங்கம் மிஞ்சும்.

மிஞ்சியது என்ன?

அநேகமாக ஒன்றுமில்லை. கல்லில் தங்கம் இருந்தது, ஆனால் செலவைக் கட்டும் அளவுக்கு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் கல்லில் 4 கிராம் தங்கம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுண் என்பது 8 கிராம். அப்படியானால் ஒரு பவுணுக்கு 2 டன் கல்லை உடைத்து, சுமந்து, இடிக்க வேண்டும். 20 கிலோ பிடிக்கும் கூடையில் சுமந்தால் 100 கூடை. மலைக்குள் குனிந்து நின்று, விளக்கு வெளிச்சத்தில் உளி அடித்து, 100 கூடை சுமந்தால் ஒரு பவுண். அதுவும் கல்லிலுள்ள தங்கம் முழுவதும் கைக்கு வந்தால்தான். வயநாட்டில் அப்படி வரவில்லை.

1882க்குப் பிறகு கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்தக் கதையைச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி, "அந்தக் காசெல்லாம் மறுகா எங்க போன?" என்பதுதான். நல்ல கேள்வி. காசின் பெரும் பகுதி சுரங்கத்துக்குள் போகவே இல்லை. நோய் பிடித்த கோப்பிக் காணிகளைத் "தங்கக் காணி" என்று பெயர் மாற்றி அநியாய விலைக்கு விற்றவர்களுக்கும், கம்பனிகளைத் தொடங்கிப் பங்கு விற்றவர்களுக்கும் போனது. நிலத்துக்கு அடியில் இருந்த தங்கத்தைவிட, "தங்கம் இருக்கிறது" என்ற பேச்சை விற்று எடுத்த பணம்தான் அதிகம். பங்கு வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். கல் சுமந்த கூலிகள் வேலை இழந்து வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள்.

தங்கம் உண்மையாகவே கிடைத்த இடமும் இருக்கிறது. அதே 1880இல் ஜோன் டெய்லர் கம்பனி மைசூர்ப் பக்கத்துக் கோலாரில் தோண்டத் தொடங்கியது. அங்கே தங்கக் கல் ஆழத்தில் செழிப்பாக இருந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன் அளவில் தங்கம் எடுத்தார்கள். சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் மேல் ஆழம் போனது. 1902இலேயே அதற்காகச் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அங்கே இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன ஏழைத் தமிழர்கள். அவர்களும் லயம் போன்ற வரிசை வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் பலர், கல் தூசியால் நெஞ்சு நோய் வந்து இருமி மாண்டவர்கள் அதைவிடப் பலர். 2001 பெப்ரவரி 28ஆம் திகதி கோலார்ச் சுரங்கம் மூடப்பட்டது. எத்தனையோ டன் தங்கம் எடுத்துக் கொடுத்த குடும்பங்கள், குடியிருந்த வீட்டுக்கு உரிமை கேட்டு அலைய வேண்டியதாயிற்று.

ஆகவே தங்கம் கிடைக்காத தேவாலாவிலும் சரி, அள்ளி அள்ளிக் கிடைத்த கோலாரிலும் சரி, தோண்டியவன் வீட்டில் அது தங்கவில்லை.

நம்மவர்கள் அங்கே போன விதம்

தங்கக் கம்பனிகள் போன பிறகு அந்தக் காணிகள் மெல்ல மெல்லத் தேயிலையாக மாறின. ஆனால் நம் கதை தொடங்குவது 1964இல்.

அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையிலிருந்த நாடற்ற இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்ட மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு. தாய் ஒரு கரையில், மகள் மறு கரையில்.

கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்தவர்களில் பல குடும்பங்கள் நீலகிரிக்கு அனுப்பப்பட்டன. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாட்டு வனத்துறை தேயிலை நடத் தொடங்கியது. 1976இலிருந்து அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் என்ற அரசாங்கக் கம்பனியாக நடக்கிறது. சுருக்கமாக டான்டீ என்பார்கள். தேவாலா, நெல்லியாளம், சேரங்கோடு, கொளப்பள்ளி, சேரம்பாடி என்று அதன் டிவிஷன்கள் அமைந்தன. காடு வெட்டி, குழி போட்டு, கன்று நட்டு, 4,000 ஹெக்டேருக்கு மேல் தேயிலை உண்டாக்கியவர்கள் நம் ஆட்கள். அங்கே இன்றைக்கும் அவர்களைச் "சிலோன்காரங்க" என்றுதான் மற்றவர்கள் சொல்கிறார்கள். நாற்பது கம்பனிகள் தங்கம் தேடித் தோற்ற மலையில், மூன்று தலைமுறைக்குச் சோறு போடும் செடியை நட்டவர்கள் அவர்கள்.

பழைய சுரங்கத்துக்குள் போகாதீர்கள்

தேவாலாப் பக்கத்துக் காடுகளிலும் தேயிலைச் சரிவுகளிலும் அந்தக் காலத்துச் சுரங்க வாய்கள் இன்னும் திறந்து கிடக்கின்றன. தங்க விலை ஏறின பிறகு, களவாக அதற்குள் இறங்கிக் கல் உடைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். தோட்டச் சம்பளம் போதாத இளந்தாரிகளும் அதில் இருக்கிறார்கள். மண் சரிந்தும், காற்றில்லாமல் மூச்சுத் திணறியும் உயிர் போன சம்பவங்கள் பல நடந்திருக்கின்றன. பொலிஸும் வனத்துறையும் பிடித்தாலும் இது நின்றபாடில்லை.

"சும்மா வாசல்ல நின்னு பாத்துட்டு வர்றோம்" என்று யாரும் கூட்டிப் போனாலும் உள்ளே கால் வைக்காதீர்கள். நூறு ஆண்டுக்கு மேல் மழையில் ஊறிய மண் எப்போது விழும் என்று ஒருவருக்கும் தெரியாது. உள்ளே கெட்ட காற்று நின்றால் மணம் வராது, தலை சுற்றுவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்தே விழுவார்.

இன்னொரு ஆபத்து பாதரசம். களவாகக் கல் எடுப்பவர்கள் அதைப் பொடியாக்கிப் பாதரசத்தில் கலந்து, சில நேரம் வீட்டு அடுப்பிலேயே வைத்துச் சூடாக்குகிறார்கள். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கை நடுக்கம், ஞாபக மறதி, பேச்சுக் குழறல் எல்லாம் வரும். வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் தாக்கும். மீதிப் பாதரசம் ஓடையில் கலந்து மீனுக்குள் போய், திரும்ப நம் சட்டிக்கே வரும். உலக நாடுகள் 2013இல் மினமாட்டா உடன்படிக்கை என்று ஒன்றைச் செய்து பாதரசத்தைக் கட்டுப்படுத்தியது இதனால்தான். அப்படிச் சூடாக்குகிற வீட்டில் பிள்ளைகளோடு தங்காதீர்கள். சொந்தக்காரர் என்றாலும் எடுத்துச் சொல்லுங்கள்.

இதை அங்குள்ளவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. நம் மலையகத்தில் ஆற்றோரங்களிலும் தோட்டத்துக் காணிகளிலும் இரவோடிரவாக மாணிக்கக் குழி வெட்டுகிற கதை உங்களுக்குத் தெரியும். "ஒரு கல்லு கெடைச்சா போதும், வாழ்க்கையே மாறிடும்" என்று சொல்லி இளைஞர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். குழி சரிந்தால் சாவது குழிக்குள் இருப்பவர். கல் கிடைத்தால் பெரிய பங்கு எடுப்பது மேலே நிற்பவர். தேவாலாவின் நூற்றைம்பது ஆண்டுக் கதையும் இதுவேதான்.

காணியும் கடதாசியும்

அங்குள்ள நம் சொந்தங்களுக்கு இன்றைய பெரிய கவலை தங்கமல்ல, குடியிருக்கும் வீடு. 2022ஆம் ஆண்டில் டான்டீ நட்டத்தில் ஓடுவதாகச் சொல்லி, 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தேயிலை நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்களிடையே பெரும் கலக்கம் உண்டானது. வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு, ஓய்வு பெற்றால் வெளியேற வேண்டும் என்ற நிலை அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. இந்தப் பகுதிக் காணிகள் பல பழைய ஜென்மிமாருக்குச் சொந்தமாயிருந்தவை. 1969இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தும் வழக்குகள் நீண்டுகொண்டே போனதால், அங்கே குடியேறிய பலருக்குப் பட்டா கிடைக்கவில்லை.

இந்தக் கவலை நமக்குப் புதிதா? இங்கேயும் லயத்துக் காம்பரா நமக்குச் சொந்தமில்லை. ஏழு பேர்ச் காணியும் உறுதியும் கேட்டு எத்தனை காலம்! ஒரு கரையில் இருந்து மறுகரைக்கு மாற்றப்பட்டவர்களும், இங்கேயே நின்றவர்களும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே சொந்தம் பார்க்கப் போகிறவர்கள் தேயிலைத்தூளும் கித்துள் கருப்பட்டியும் மட்டும் கொண்டு போகாதீர்கள். கடதாசிகளையும் நினையுங்கள். அங்குள்ள பெரியவர்களில் இலங்கையில் பிறந்தவர்கள் பலர். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, ஓய்வூதியம் என்று வரும்போது பிறப்புப் பதிவு கேட்கப்படும். இங்கே பிறப்புப் பதிவு இருந்தால் உரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். பிறந்த தோட்டத்தின் பெயர், டிவிஷன், தாய் தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு இவற்றை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது அவர்களிடமிருக்கும் பழைய குடும்ப அட்டையையும் கடவுச்சீட்டையும் படமெடுத்து வாருங்கள். எழுத்தில் பெயர் மாறியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்துப் பிழையால் உரிமை இழந்தவர்கள் நம்மில் கொஞ்சப் பேரல்ல.

முக்கியமாக, அங்குள்ள வயதானவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள், எந்தக் கப்பலில் போனார்கள், முதல் கன்று எந்த மலையில் நட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தங்கக் கம்பனிகளின் கணக்கும் அறிக்கையும் இலண்டனில் அச்சாகிப் பத்திரமாக இருக்கின்றன. தேயிலை நட்டவர்களின் கணக்கு இன்னும் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது பிள்ளைகளாகிய நம் கடமை.